இருதயத்தின் கையெழுத்தும் இடுப்பின் அளவும்



இராயபுரம் புகைவண்டி நிலையத்தை உங்களில் பலர் அன்றாடம் கடந்து செல்கிறீர்கள். தென்னிந்தியாவின் முதல் பயணி வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அந்த நிலையத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. பழைய நாளில் வண்டி நகர்வதற்கு முன்னால் கைகாட்டி இறங்க வேண்டும். கைகாட்டி இறங்காமல் வண்டி நகராது. முதலில் கட்டளை, பிறகே இயக்கம் என்பது இருப்புப் பாதையின் விதி.

நம்முடைய மார்புக்குள்ளும் இதே விதிதான் நடைபெறுகிறது. இருதயம் ஒரு தசை. அது சுருங்குவதற்கு முன்னால் மிகச் சிறிய மின்சாரக் கட்டளை ஒன்று பிறக்கிறது. வலப்புற மேலறையில் உள்ள ஒரு சிறு திசுக்கூட்டம் நிலைய அதிகாரியைப் போல அந்தக் கட்டளையை அனுப்புகிறது. மேலறைகள் இரண்டும் அதைப் பெற்றுச் சுருங்குகின்றன. நடுவே ஒரு சந்திப்பில் கட்டளை சற்றே தாமதிக்கிறது. கீழறைகளுக்குள் இரத்தம் நிரம்புவதற்கு அந்தத் தாமதம் தேவை. பின்னர் அது கீழறைகளுக்குள் விரைந்து பரவ, அவை சுருங்கி இரத்தத்தை உடலுக்குச் செலுத்துகின்றன. பிறகு தசை அடுத்த கட்டளைக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. நாம் உறங்கினாலும் விழித்திருந்தாலும் இது ஓயாமல் நிகழ்கிறது; ஓய்வாக விழித்திருக்கும் பெரியவருக்கு வழக்கமாக நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை.

இந்தக் கட்டளையைக் காகிதத்தில் பிடித்துக் காட்டுவதே இ.சி.ஜி. எனப்படும் மின்வரைவு. மனித இருதயத்தின் மின்னோட்டத்தை உடலைக் கீறாமல் வெளியிலிருந்தே முதன்முதலாகப் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர் என்பவர். 1887-இல் இலண்டனில் அதனைச் செய்தார். ஆனால் அவருடைய கருவி மந்தமானது. அதனைத் துல்லியமாக்கியவர் வில்லம் ஐந்தோவன் என்ற டச்சு அறிஞர். இவர் 1860-இல் ஜாவாத் தீவின் செமராங் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, இருதயத்தின் மின்னோட்டம் அந்த இழையை அசைப்பதை ஒளியின் துணையால் படமாக்கினார். அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐந்து பேர் வேண்டும். பரிசோதிக்கப்படுபவர் தம் கைகளையும் காலையும் உப்பு நீர் நிரம்பிய தொட்டிகளில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். நோயாளிகளைத் தம் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவர இயலாதபோது, மருத்துவமனையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் தொலைபேசிக் கம்பி வழியாகவே இருதயத்தின் மின்வரைவை வரவழைத்துப் பதிவு செய்தார். இது நடந்தது 1905-இல். அவருக்கு 1924-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதே வேலையைப் பள்ளிப் புத்தகப்பை அளவுள்ள கருவி செய்துவிடுகிறது.

இனி அந்தக் காகிதத்தைப் பாருங்கள். நீங்கள் கணக்குப் பாடத்தில் பயன்படுத்தும் வரைபடத் தாள் போலவே அது கட்டம் கட்டமாக இருக்கும். காகிதம் ஒரு வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆகவே ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி; ஐந்து சிறு கட்டங்கள் கொண்ட ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் ஒரு மில்லி வோல்ட்டைக் குறிக்கும். முதலில் தோன்றும் சிறு மேடு பி அலை. அது மேலறைகளின் செய்தி. அடுத்து ஊசிபோல் எழும் க்யூ, ஆர், எஸ் என்ற மூன்றும் கீழறைகளின் செய்தி. பின்னால் வரும் அகன்ற மேடு டி அலை. அது தசை மீண்டும் ஆயத்தமாவதைக் குறிப்பது. இந்தப் பெயர்களைச் சூட்டியவரும் ஐந்தோவனே. ஓர் ஆர் முனைக்கும் அடுத்த ஆர் முனைக்கும் இடையே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, அந்த எண்ணால் 300-ஐ வகுத்தால் நாடித் துடிப்பு கிடைத்துவிடும். நான்கு கட்டங்களானால் நிமிடத்திற்கு 75. ஏழாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது.

மருத்துவர் இதில் எவற்றைத் தேடுகிறார்? சிலவற்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, கீழறையின் தடிப்பு. இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருந்தால் இடப்புறக் கீழறை அந்தப் பாரத்தை எதிர்த்து உழைத்து உழைத்துத் தடித்துப்போகிறது. மூட்டை சுமப்பவரின் தோள் தடிப்பது போன்றது இது என்று எண்ணிவிடாதீர்கள். தோளின் தடிப்பு வலிமை. இருதயத்தின் இந்தத் தடிப்போ ஆபத்து. தசை பெருத்த அளவுக்கு அதற்கு இரத்தம் கொண்டுவரும் வழி பெருப்பதில்லை. மார்பில் வைக்கும் குறிப்பிட்ட இரண்டு இணைப்புகளின் அலை உயரங்களைக் கூட்டி 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பெரியவர்களிடம் இத்தடிப்பைச் சந்தேகிப்பர். இது 1949 முதல் வழங்கிவரும் அளவுகோல். இரண்டாவது, க்யூ அலையின் தொடக்கத்திலிருந்து டி அலையின் முடிவுவரை ஆகும் நேரம். துடிப்பின் வேகத்திற்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டபின் அது ஆண்களுக்கு 0.45, பெண்களுக்கு 0.46 வினாடியைத் தொட்டாலோ மீறினாலோ இருதயத்தின் ஒழுங்கு குலையக்கூடும் என்று எச்சரிக்கை கொள்வர். மூன்றாவது, டி அலை தட்டையாவதும் தலைகீழாவதும். நான்காவது, ஓய்வாக இருக்கும்போதும் குறையாத விரைந்த துடிப்பு. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பருமனும் சேர்ந்து வாழும் உடல்களில் இத்தகைய மாறுதல்கள் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன.

ஆயினும் இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. ஒல்லியான வாலிபனுடைய அலைகள் நோய் எதுவுமின்றியே 35 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடும். அதற்கு மாறாக, மார்பில் கொழுப்புப் படிந்தவருடைய அலைகள் அந்தக் கொழுப்பாலேயே மங்கி, தடித்த கீழறையைக்கூட மறைத்துவிடக்கூடும். அதாவது, யாருக்கு அபாயம் அதிகமோ அவரிடமே இந்த அடையாளம் சில வேளைகளில் ஒளிந்துகொள்கிறது. மேலும், வழக்கமாக எடுக்கும் மின்வரைவு வெறும் பத்து வினாடிகளின் பதிவு. அந்தப் பத்து வினாடிகளில் வகுப்பு அமைதியாக இருந்தது என்பதால் ஆண்டு முழுவதும் அமைதி நிலவும் என்று எந்தத் தலைமையாசிரியரும் எழுதிக் கொடுக்கமாட்டார்.

அப்படியானால் நோய் காகிதத்தில் தோன்றுவதற்கு முன்பே அதன் வருகையை அறிய வழி உண்டா? உண்டு. அந்தக் கருவி தையற்காரரின் கழுத்தில் தொங்குகிறது. சாதாரண அளவு நாடா!

அமெரிக்க மருத்துவ அறிஞர் ஜெரால்டு ரீவன் 1988-இல் ஒரு கருத்தை விளக்கினார். உயர்ந்த இரத்த அழுத்தம், இரத்தத்தில் சர்க்கரை மிகுதல், கொழுப்பின் நிலை கெடுதல் ஆகியவை தனித்தனியே வரும் விருந்தாளிகள் அல்ல. ஒரே குடும்பமாகக் கூடி வருபவை என்றார். அக்குடும்பத்திற்கு இன்று மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். நாம் அதனை வளர்சிதை மாற்றக் கோளாறுகளின் கூட்டம் எனலாம். ஐந்து அளவுகளில் ஏதேனும் மூன்று தவறினால் அக்கூட்டம் குடியேறிவிட்டது என்று பொருள். நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது முதல் எல்லை. இரத்த அழுத்தம் 130-க்கு 85 என்பது இரண்டாவது. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மில்லிகிராம் என்பது மூன்றாவது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150 மில்லிகிராம் என்பது நான்காவது. இந்நான்கும் எல்லையைத் தொட்டாலோ மீறினாலோ தவறு. ஐந்தாவது மட்டும் மாறுபட்டது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் குறைவது தவறு.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது கல்லீரலுக்குக் கொழுப்பமிலங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இன்சுலின் என்ற சுரப்பின் சொல்லைத் தசைகள் முன்போல் கேட்பதில்லை. அதனால் இன்சுலின் மேலும் மேலும் சுரக்க வேண்டியதாகிறது. சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைக்கிறது, அழுத்தம் உயர்கிறது, இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்தால் வருவதே மாரடைப்பு.

இடுப்பளவுக்கும் இருதயத்திற்கும் உள்ள உறவை அழகாகக் காட்டிய ஓர் ஆராய்ச்சியை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இலண்டனில் ஓடிய இரண்டடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டு 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. 1956-இல் அவரும் அவருடைய தோழர்களும் மற்றொன்று செய்தனர். போக்குவரத்துக் கழகம் இவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுகளைப் புரட்டிப் பார்த்தனர். ஒரே உயரமுள்ளவர்களிடையேயும் ஓட்டுநரின் காற்சட்டைக்கு இடுப்பு அகலமாக இருந்தது.

இப்போது நம் வடசென்னைக்கு வருவோம். துறைமுகத்தில் ஒரு காலத்தில் மூட்டைகளை மனிதர்களே முதுகில் சுமந்தார்கள். பெட்டகக் கப்பல்கள் வந்தபின் பாரத்தைப் பாரந்தூக்கி சுமக்கிறது. மனிதர் மேலே கூண்டுக்குள் அமர்ந்து நெம்புகோலை அசைக்கிறார். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளிலும் கை வேலை பொறிவேலையாயிற்று. இதில் வருந்த ஒன்றுமில்லை. முதுகொடியும் உழைப்பு எவருக்கும் வேண்டாம். ஆனால் தொழில் நடத்துநரிலிருந்து ஓட்டுநராக மாறிவிட்டது. தட்டிலுள்ள சோற்றின் அளவோ மூட்டை சுமந்த பாட்டனாரின் அளவாகவே நின்றுவிட்டது. இரவு முறை வேலையில் விழித்திருக்கத் தேநீர் வேறு. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். ஆறு கோப்பைக்கு 60 கிராம். ஓராண்டுக்குக் கணக்கிடுங்கள்: ஏறத்தாழ 22 கிலோ சர்க்கரை! இதனுடன் பீடியும் சிகரெட்டும் சேர்ந்தால் இருதயத்தின் சுமை இரட்டிப்பாகிறது. மாறி மாறி வரும் இரவு வேலையும், கரியும் புகையும் கலந்த காற்றிலுள்ள நுண்துகளும் இருதயத்திற்குத் தீங்கு செய்பவை என்பதும் இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. இவ்விரண்டையும் தொழிலாளி தனியே மாற்ற இயலாது. அரசும் ஆலையும் சேர்ந்தே மாற்ற வேண்டும்.

“இது பணக்காரர் நோய்; நமக்கு வராது” என்று நம் தெருக்களில் இன்னும் சொல்வோர் உளர். சென்னையிலேயே நடந்த ஆய்வு அதற்கு விடை கூறுகிறது. 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் அவர்களும் அவருடைய குழுவினரும் நகரின் இரண்டு குடியிருப்புகளை வீடு வீடாக ஆராய்ந்தனர். திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர். தியாகராய நகரில் குறைந்த வருவாயினர். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 1,262 பேர். மின்வரைவும் எடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய இரத்தக்குழாய் நோய் இருந்தது. அன்று நடுத்தர வருவாயினரில் நூற்றுக்கு 12.4 பேருக்குச் சர்க்கரை நோய். குறைந்த வருவாயினரில் 6.5 பேருக்கே. பத்தாண்டுகள் கழித்து அதே இடங்களை மறுபடி ஆராய்ந்தபோது நடுத்தர வருவாயினரில் 15.4, குறைந்த வருவாயினரில் 15.3. ஏழைக்கும் நடுத்தரத்தாருக்கும் இடையே வருவாயில் நிற்கும் சுவர் நோயில் இடிந்து விழுந்துவிட்டது. மருந்துக்கு மாதந்தோறும் செலவிடும் வசதி மட்டும் சமமாகவில்லை.

இதே ஆய்விலிருந்து நல்ல செய்தி ஒன்றும் உண்டு. தம் நிலையை அறிந்துகொண்ட திருமங்கலத்துக் குடியிருப்பினர் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டனர். முன்பு அவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேரே உடற்பயிற்சி செய்தனர். பிறகு அது சுமார் 59 பேராக உயர்ந்தது. நடப்பதற்கு இடம் இருந்தால் மக்கள் நடக்கிறார்கள். காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடையே கனரக வண்டிகளின் நடுவில் உயிரைப் பணயம் வைத்து நடப்பவர்களுக்கு, பூங்கா ஓர் அலங்காரம் அன்று, அது மருந்து.

என் பழைய மாணவர் ஒருவர், பாரந்தூக்கி இயக்குபவர், வயது 44. தொழிலாளர் மருத்துவ முகாம் ஒன்றில் எடுத்த மின்வரைவில் குறை ஏதும் இல்லை என்று எழுதியிருந்தனர். அந்தச் சீட்டை மடித்துத் தாயத்தைப் போலச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எட்டு மாதம் கழித்து, இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய விடியற்காலையில் நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடக்கை கனத்தது, வியர்வை பெருகியது. “வாய்வுதான், ஒரு சோடா குடித்தால் போய்விடும்” என்றார். அவருடைய மகள் பதினோராம் வகுப்பு மாணவி. “வாய்வாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லட்டும் அப்பா; நாமே சொல்ல வேண்டாம்” என்று கூறி 108-ஐ அழைத்துவிட்டாள். மருத்துவமனையில் எடுத்த புதிய மின்வரைவில் எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு மேடாக உயர்ந்திருந்தது. பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். உடனே சிகிச்சை நடந்தது, பிழைத்தார்.

நான் பார்க்கச் சென்றபோது அவர் கேட்டார்: “சார், அந்தச் சீட்டு நன்றாகத்தானே இருந்தது?” நான் சொன்னேன்: “சீட்டு பொய் சொல்லவில்லை, தம்பி. அன்றைய பத்து வினாடிகளைப் பற்றி உண்மையையே சொன்னது. உன் இடுப்பு 98 சென்டிமீட்டர் என்று நாடா சொன்னதே, அதையும் நீ கேட்டிருக்கலாம்.” இன்று அவர் மாலைதோறும் மகளுடன் கடற்கரைச் சாலையில் நடக்கிறார். பீடியைத் தொடுவதில்லை.

அடைபட்ட குழாயைத் திறக்க ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஐந்தோவன் கம்பி வழியே மின்வரைவை அனுப்பினார் என்று முன்னர்ச் சொன்னேன். நூறாண்டுகளுக்குப் பிறகு அதே எண்ணம் நம் தமிழ்நாட்டில் உயிர் காத்தது. சிறிய மருத்துவமனைகளில் எடுக்கும் மின்வரைவைத் தொலைத்தொடர்பின் வழியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, நோயாளியைத் தாமதமின்றிக் கொண்டுசெல்லும் முறையைக் கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாந்தர், சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்தனர். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. இம்முறைக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6, இம்முறை வந்தபின் 14.2. அந்த வேறுபாட்டுக்குள் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. ஆனால் இவ்வளவு ஏற்பாடும் நோயாளி வாயிற்படியைத் தாண்டிய பிறகே தொடங்கும். வீட்டுக்குள் வாய்வு என்றும் சோடா என்றும் கழியும் நேரத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் ஒரு வீட்டுப் பாடம் கேட்கிறேன். இன்று மாலை ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், சட்டையை விலக்கி, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், உங்கள் தாய் தந்தையரின் சுற்றளவை அளந்து எழுதுங்கள். பிறகு 2005-இல் சென்னையில் உருவான ஒரு மதிப்பெண் முறையைப் பயன்படுத்துங்கள். அதற்கு இரத்தச் சொட்டு தேவையில்லை. வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்ற நான்கே வினாக்கள். வயது 35 முதல் 49 வரை என்றால் 20. 50-உம் அதற்கு மேலும் 30. இடுப்பு ஆணுக்கு 90 முதல் 99 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 முதல் 89 என்றால் 10. அதற்கும் மேல் 20. உடற்பயிற்சியும் கடின உழைப்பும் இரண்டும் உண்டென்றால் சுழி. ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டுமே இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நோய் என்றால் 10. இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் அவரை உடனே அருகிலுள்ள நகர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினால் மகிழ்வோம். இந்த ஒரு தேர்வில் மட்டும் குறைந்த மதிப்பெண்ணே வெற்றி.

மதிப்பெண் கூடியிருந்தால் அஞ்ச வேண்டாம். வயதையும் குலத்தையும் மாற்ற இயலாது. மற்ற இரண்டும் நம் கையில் உள்ளன. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்பது, சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் மீனும் கூட்டுவது, தேநீரில் சர்க்கரையைப் படிப்படியாக நிறுத்துவது, புகையை அடியோடு விடுவது, மருத்துவர் கொடுத்த மாத்திரையை “சரியாகிவிட்டது” என்று தாமே நிறுத்தாதிருப்பது ஆகியவை போதும். எழுதவும் படிக்கவும் தெரியாத பெற்றோருக்கு முன்னாளில் பிள்ளைகள் கடிதம் படித்துச் சொன்னார்கள். இன்று நீங்கள் படித்துச் சொல்ல வேண்டிய கடிதம் அவர்களுடைய உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காலத்தில் படித்துச் சொல்லுங்கள்.